ஒட்டிவைத்த தாளின் பின்பக்கம்

என் குடலைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு இது: “திங்கள், காலை 7.10. வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று, பால் ஊற்றாத தேநீர். கடுகு இல்லாத முதல் நாள்.”

இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதிவருகிறேன். ஸ்கூடாயில் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் பதிவேடு, வீட்டில் நாட்குறிப்பு என்று கை பழகிவிட்டது. மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம், அன்றைய குழம்பு, வந்தவர், போனவர் எல்லாம் அதில் இருக்கும். மற்றவர்கள் எழுதிய நாட்குறிப்புகளையும் கிடைக்கும் போதெல்லாம் படிப்பேன். மன்னர்கள், மாலுமிகள், தோட்டத்துத் துரைகள் என்று எல்லாரும் என்ன சாப்பிட்டோம் என்பதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டது அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

நடந்தது இதுதான். வழக்கமான இரத்த அழுத்தப் பரிசோதனைக்காகக் கிளினிக்குக்குப் போனபோது, வயதானவர்களுக்கெல்லாம் செய்கிறோம் என்று சொல்லி ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார்கள். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறது என்றார்கள். மூலமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எதற்கும் ஸ்கோப் செய்து பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்கோப் என்றால், நுனியில் கேமரா உள்ள, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய். பின்வழியாக விட்டு, கீழ்க்குடலை உள்ளே இருந்தபடியே பார்ப்பார்கள்.

எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. பெக்கான் நானாஸில் அன்னாசி பயிரிட்டுக்கொண்டிருந்த என் அண்ணனுக்கும் இதே பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். நாலு முறை கொடுத்தார்கள். நாலும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. முதல் முறை, பழம் அறுக்கும் வாரம், போகவில்லை. இரண்டாம் முறை, சம்பந்தி வீட்டுக் கல்யாணம், போகவில்லை. மூன்றாம் முறை போனார். ஆனால் காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார். கேட்டவுடன் மறைக்காமல் ஒப்புக்கொண்டார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாவதாகக் கொடுத்த நாளில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடைசி வரைக்கும் அந்த நாலு இட்லியைச் சொல்லி அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே எனக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று நாள் கொடுத்தபோது நான் எடுத்த முடிவு ஒன்றுதான். இந்த வியாழக்கிழமை தள்ளிப்போகக் கூடாது. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் பார்க்க முடியாது, வேறு நாள்தான் வாங்க வேண்டும், இப்போதைக்கு நாலு மாதத்துக்கு இடமில்லை என்று முன்பதிவு செய்த பெண் சொல்லியிருந்தாள். நாலு மாதத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பது என் நாட்குறிப்புக்குத் தெரியும்.

எப்படித் தயாராக வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு, மலாய் மொழியில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு வரும் எந்தத் தாளும் தொலைவதில்லை, ஏனென்றால் வந்த அன்றே அதை நாட்குறிப்பில் ஒட்டிவிடுவேன். இதையும் நாலு மூலையிலும் நடுவிலும் பசை தடவி, வியாழக்கிழமைக்கு எதிர்ப்பக்கத்தில் சுருக்கமே இல்லாமல் ஒட்டினேன். ஒட்டிய நேரத்தையும் எழுதினேன்.

தாள் சொன்னபடி திங்களும் செவ்வாயும் சக்கை இல்லாத சாப்பாடு. காய் கூடாது, கீரை கூடாது, பழம் கூடாது, தோல் கூடாது, விதை எதுவும் கூடாது. படிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. அடுப்பின் முன்னால் நின்றபோதுதான் நம் சமையலில் விதை போடாத ஒரு பதார்த்தம்கூட இல்லை என்பது தெரிந்தது. கடுகு விதை. சீரகம் விதை. வெந்தயம், மல்லி, மிளகு எல்லாமே விதை. தக்காளிக்குள் விதை, மிளகாய்க்குள் விதை, கத்தரிக்காய்க்குள் கேட்கவே வேண்டாம். தாளிக்காமல் ஒரு சட்டியை அடுப்பில் வைத்தபோது, வீட்டில் யாருக்கோ துக்கம் என்பதுபோல் இருந்தது.

என் கணவர் தெப்ராவ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எனக்குத் துணையாகத் தானும் அதையே சாப்பிடப் போவதாகத் திங்கட்கிழமை காலையில் அறிவித்தார். மதியம் வெள்ளைச் சோறும் அவித்த மீனும் வைத்தேன். சாப்பிட்டார். இரவும் அதையே வைத்தேன். தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீனுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் கார் டயருக்குக் காற்று அடிக்கப் போகிறேன் என்று கிளம்பினவர், முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்.

“காத்து அடிக்க இவ்வளவு நேரமா?” என்றேன்.

“நாலு டயரும்லா அடிச்சேன்.”

“சட்டையில மொளகா சம்பல் இருக்கு.”

குனிந்து பார்த்தார். துடைக்கப் போய், விட்டுவிட்டார். “ஒரு ரொட்டி சானாய்தான்மா. அதுவும் கொசோங். உள்ள ஒன்னும் வைக்கல.” என்று, ஏதோ எனக்காகத்தான் பரோட்டாவுக்குள் ஒன்றும் வைக்காமல் சாப்பிட்டவர்போலச் சொன்னார். நேரம் 9.20 என்று எழுதிக்கொண்டேன்.

புதன்கிழமை எழுந்ததிலிருந்து தண்ணீர் ஆகாரம் மட்டும். தெளிவான பானமாக இருக்க வேண்டும், குவளையின் மறுபக்கத்தில் வைத்த அச்செழுத்து தெரிய வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. இப்படித் துல்லியமான கட்டளைகள் எனக்குப் பிடிக்கும். சாப்பாட்டு மேசையில் அன்றைய தமிழ்ப் பத்திரிகையை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு பானத்தையும் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அதன் வழியே படித்துப் பார்த்தேன். தேநீர் தேறியது. இளநீர் தேறியது. பார்லித் தண்ணீர் முதல் முறை தோற்றது, துணியில் இரண்டு முறை வடிகட்டிய பிறகு தலைப்புகள் மட்டும் தெரிந்தன. கருப்புக் காப்பி ஒரேயடியாகத் தோற்றது. ரசத்தை ஒரு மணி நேரம் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். அதன் வழியே விளையாட்டுப் பக்கம் முழுவதையும் படிக்க முடிந்தது. ரசத்துக்கு இப்படி ஒரு தேர்ச்சி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அது நோன்பு மாதம். எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணியும் நானும் பத்தொன்பது வருடமாக வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பேசுகிறவர்கள். நான் அவரை மலாய் வழக்கப்படி காக் என்பேன், அவர் என்னைத் தமிழில் அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டதில்லை, அதனால் மரியாதை இரண்டு பக்கமும் குறையாமல் இருக்கிறது. அன்று துணி உலர்த்தும்போது, இன்று நானும் பட்டினி என்று மலாயில் சொன்னேன். காரணத்தைக் கேட்டார். சொன்னேன். பரிசோதனை எந்த வழியாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். தன் நோன்பு எவ்வளவோ தேவலை என்றார்.

மாலை நாலு மணிக்கு மருந்தைத் தொடங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கும் தூள். கால் மணிக்கு ஒரு குவளை. எலுமிச்சைச் சுவை என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. எலுமிச்சையைக் கடல் தண்ணீரில் ஊறவைத்து, அதில் காசுகளைக் கழுவினால் வரும் சுவை அது. நாலாவது குவளை வரைக்கும் எதுவும் நடக்கவில்லை. எனக்கு மட்டும் வேலை செய்யாத மருந்து போலிருக்கிறது என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. நேரம் 4.50.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் எண் போட்டு எழுதியிருக்கிறேன். எண், நேரம், நிறம், தன்மை என்று நாலு பத்தி. பேனாவைக் கழிவறை ஜன்னலிலேயே வைத்துவிட்டேன். கணவர் எட்டிப் பார்த்து, இதைக்கூடவா எழுத வேண்டும், யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். யார் படிப்பார்கள் என்று எனக்கும் தெரியவில்லை. ஏழு மணிக்குள் ஆறு வரிகள் நிறைந்திருந்தன.

ஏழு இருபதுக்குப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஐந்து நிமிடத்தில் வேலியோரம் காக்கின் குரல். ஒரு கண்ணாடி ஜாடி நிறையச் சிராப் கொண்டுவந்திருந்தார். நோன்பு திறக்க எல்லா வீட்டிலும் செய்யும் ரோசாப்பூச் சர்பத்துதான். ஆனால் அன்று எனக்காகவே தனியாகச் செய்திருந்தார். பால் விடவில்லை, ஊறவைத்த துளசி விதை போடவில்லை, ஐஸ் தூசிகூட இருக்கக் கூடாது என்று வடிகட்டியிருந்தார். நாள் முழுவதும் தான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, முதல் வாய் குடிக்கும் முன் இதைக் கொண்டுவந்திருந்தார் என்பது அவர் உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

மேசைக்குக் கொண்டுவந்து குவளையில் ஊற்றிப் பத்திரிகைக்கு முன் வைத்தேன். நினைவஞ்சலிப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை எவ்வளவு பொடியாக அச்சடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவ்வளவும் படிக்க முடிந்தது. அன்று தேர்வு எழுதிய பானங்களில் முதல் மதிப்பெண் அதற்குத்தான். இரண்டு குவளை குடித்தேன், 7.30க்கு ஒன்று, 8.15க்கு ஒன்று. கடல் தண்ணீருக்குப் பிறகு அது இறங்கிய இடமெல்லாம் இனித்தது. மீதியைக் கணவர் குடித்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து இரண்டாவது லிட்டர். காக் வீட்டிலும் அடுப்படி விளக்கு எரிந்தது, நோன்புக்கு முன் சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வெளிச்சம் துணையாக இருந்தது. 5.50க்கு ஒன்பதாவது தடவை. எழுந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். நிறம் என்ற பத்தியில் எழுதக் கை வரவில்லை. அண்ணன் வீட்டுக் கழிவறையின் பச்சைக் கதவு நினைவுக்கு வந்தது. அவர் அதைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் இதைப் பார்த்தாரோ, யாரிடமும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்து கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யாத காரியம் இது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

“இது ரத்தமில்லம்மா,” என்றார். “இந்தக் கலர எனக்குத் தெரியும். நேத்து ஒரு ஜாடி குடிச்சேன்ல.”

உட்கார்ந்துவிட்டேன். அவர் அங்கேயே நின்று யோசித்தார். சிராப் குடிக்கலாம் என்று தாளில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். நாட்குறிப்பைத் திறந்து மலாய்ப் பக்கத்தை மறுபடி படித்தேன். கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

“பின்னால என்ன?”

“இங்கிலீஷ். ரெண்டும் ஒன்னுதான்.”

“படிச்சியா?”

முப்பத்து நாலு வருடம் அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கை எல்லாம் ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் ஆங்கிலம். விஷயம் ஒன்று, மொழி இரண்டு. ஒரு பக்கத்தைப் படித்தவர்கள் மறுபக்கத்தைப் படிப்பதில்லை. இந்த நாட்டில் யாரும் படிப்பதில்லை. நான் தலைப்பைப் பார்த்தேன், பசையைத் தடவினேன்.

கணவர் நாட்குறிப்பை அடுப்படிக்கு எடுத்துப்போனார். காரின் முன்கண்ணாடியில் சாலை வரி வில்லையை வருடா வருடம் ஒட்டி உரித்துப் பழகிய கை அது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியில் பக்கத்தைக் காட்டி, பழைய வங்கி அட்டையின் விளிம்பை உள்ளே நுழைத்து மெதுவாக உரித்தார். மூன்று மூலை ஒழுங்காக வந்தன. நாலாவதோடு கீழே இருந்த பக்கத்தில் மூன்று வரிக் குறிப்பும் பிய்ந்து வந்தது. அது எந்த மழையைப் பற்றியது என்று இன்று வரை தெரியவில்லை.

ஆங்கிலப் பக்கத்தின் அடியில் ஒரு சிறிய கட்டம். மலாய்ப் பக்கத்தில் அது இல்லை. சிவப்பு, ஊதா நிறப் பானங்களைத் தவிர்க்கவும், அவை குடலுக்குள் இரத்தம்போலத் தெரியும் என்று இரண்டே வரி.

பயம் ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் ஏறியது. என் உடம்பிலிருந்து வந்தது இரத்தமில்லை. ஆனால் இன்னும் நாலு மணி நேரத்தில் கேமரா உள்ளே போகும்போது எல்லாம் சிவப்பாக இருந்தால்?

“வாயத் தொறக்காத,” என்றார் கணவர். “சொன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உங்கண்ணன் இட்லி சாப்பிட்டத அவங்களா கண்டுபிடிச்சாங்க? அவராத்தான சொன்னாரு.”

“சொல்லலன்னா அவங்க பாக்கறது என் குடலா, காக்கோட சிராப்பான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாலு மாசம்மா.”

“தெரியும்.”

நான் வெறும் தண்ணீரைக் குவளை குவளையாகக் குடிக்கத் தொடங்கினேன். குடிப்பதற்கு எட்டு மணி வரை அனுமதி இருந்தது. பத்தாவது தடவை, 6.20, வெளிறிய ரோசா. பதினொன்று, 6.45, செம்மஞ்சள். பன்னிரண்டு, 7.10, மஞ்சள். பதின்மூன்று, 7.40, எலுமிச்சம் பழச்சாற்று நிறம், தெளிவு. பத்திரிகையை வைத்துப் பார்க்கவில்லை. எதற்கும் ஓர் எல்லை உண்டு.

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். ஸ்கூடாய் சாலையில் அந்த நேரத்து நெரிசல் எப்படி என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இருக்கையில் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் துண்டு விரித்து உட்கார்ந்தேன். கணவர் வழியில் உள்ள எண்ணெய் நிலையங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எதில் கழிவறை சுத்தம், எதில் சாவி கேட்க வேண்டும், எதில் தண்ணீர் வராது என்பது முப்பது வருட அனுபவம். எதிலும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமடைந்தார் என்றே நினைக்கிறேன்.

ஸ்கோப் அறைக்கு வெளியே தாதியாக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதிருக்கும். கட்டில் ஓரம் உட்கார வைத்து, கடைசியாக வெளியே போனது எப்படி இருந்தது, தண்ணீரா, கட்டியா என்று கேட்டார். நான் கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“முதல்ல ஒன்னு சொல்லிடறேன்மா,” என்றேன். “நேத்து ரெண்டு கிளாஸ் சிராப்பு குடிச்சிட்டேன். சிவப்பு. தாளோட பின்பக்கத்தப் படிக்காம ஒட்டிட்டேன்.”

அவர் பேனாவை நிறுத்தினார். “எத்தன மணிக்கு?”

“ஏழு முப்பது, எட்டு பதினஞ்சு.”

நாட்குறிப்பை என் கையிலிருந்து வாங்கினார். எட்டாவது வரியிலிருந்து படித்தார். ஒன்பதாவதில் நிறப் பத்தி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பதின்மூன்று வரைக்கும் படித்துவிட்டு, உள்ளே இருந்த மூத்த தாதியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் தமிழ் தெரியாதவர், இவர் ஒவ்வொரு வரியையும் மலாயில் மொழிபெயர்த்துச் சொல்வது கதவு வழியே கேட்டது. வெளிறிய ரோசா என்பதற்கு இருவரும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் 9.32. கணவர் என் தோளில் கை வைத்தார். அவர் பொது இடத்தில் அப்படிச் செய்கிறவர் இல்லை.

தாதி திரும்பி வந்தார். “ஆன்ட்டி, எல்லாரும் ‘போச்சு, போச்சு’ன்னுதான் சொல்லுவாங்க. எத்தன தடவ, என்ன கலர்னு கேட்டா முழிப்பாங்க. நீங்க படம் வரையாததுதான் கொற.” எனிமா பொட்டலத்தைக் கையில் எடுத்தார். “இன்னும் ஒரு தடவ கழுவிட்டா போதுமாம். இன்னைக்கே பண்ணிடலாம்.”

கணவர் வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று பிறகு அவரே சொன்னார்.

பரிசோதனை பத்தேகாலுக்குத் தொடங்கியது. இடது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், பார்க்க வேண்டும் என்ற ஆசை. காற்றை உள்ளே விடும்போது வயிறு உப்பி வலித்தது, நினைத்த அளவுக்கு இல்லை. திரையில் என் உள்பக்கம் தெரிந்தது. ஈரமாக, பளபளப்பாக, மடிப்பு மடிப்பாக, நன்றாகத் தேய்த்துக் கழுவிய வீடுபோல. இத்தனை வருடம் எனக்காக உழைத்த இடத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஓரிடத்தில் கேமரா நின்றது. வெளிறிய சிறிய புள்ளி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார். அது உருண்டது.

விதை, என்றார் டாக்டர் மலாயில், கொஞ்சம் கண்டிப்பாக. விதை சாப்பிடக் கூடாது என்று சொன்னார்களே.

கொய்யா விதை என்று நானும் மலாயில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சாப்பிட்டது, விதைத் தடை திங்கட்கிழமை காலையிலிருந்துதான் தொடங்கியது, எழுதி வைத்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் தாதி சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் விதையை விட்டுவிட்டு மேலே போனார்.

இன்னும் கொஞ்சம் உள்ளே மறுபடி நின்றது. சுவரிலிருந்து சின்னதாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது, மிளகு அளவுக்கு. தண்ணீர் பட்டும் உருளவில்லை. எடுத்துவிடுகிறேன் என்றார் டாக்டர். ஒரு கம்பிக் கண்ணி வந்தது, அதன் கழுத்தில் விழுந்தது, இறுக்கியது. வலிக்கவே இல்லை. அந்த இடத்தில் ஒரு சொட்டு இரத்தம் தெரிந்தது. சிவப்பு. அது என்னுடையதுதான் என்பதில் டாக்டருக்குச் சந்தேகம் வர வாய்ப்பில்லாமல் சுற்றிலும் எல்லாம் சுத்தமாக இருந்தது. அன்று காலை வாயைத் திறந்ததற்காக எனக்கு நானே ஒரு வார்த்தை பாராட்டிக்கொண்டேன்.

ஆய்வுக்கூட முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இடையில் நோன்புப் பெருநாள் வந்தது. காக் வீட்டு விருந்துக்குப் போனோம். சிராப் எப்படி இருந்தது, உதவியாக இருந்ததா என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னேன். அது பொய் இல்லை. கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் தட்டில் இன்னொரு துண்டு ரெண்டாங் கறி வைத்தேன்.

முடிவு வந்த நாள் செவ்வாய்க்கிழமை, காலை 11.05. கெடுதலானது இல்லை. ஆனால் பல வருடம் அப்படியே விட்டிருந்தால் கெடுதலாக மாறக்கூடிய வகை. இப்போது அது அங்கே இல்லை, சில வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் கணவர் தன் ‘காற்றடிக்கும்’ கடையில் நிறுத்தினார், இருவரும் முட்டை போட்ட ரொட்டி சானாய் சாப்பிட்டோம், சம்பலோடு. அன்றைய பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: அண்ணனுக்கும் இது மிளகு அளவில் இருந்த ஒரு நாள் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் தாள்களை முழுவதும் ஒட்டுவதில்லை. இடது ஓரத்தில் மட்டும் பசை. கதவு மாதிரித் திறந்து பின்பக்கத்தைப் பார்க்கலாம். பழைய நாட்குறிப்புகளில் ஒட்டியிருக்கும் தாள்களை நினைத்தால்தான் கொஞ்சம் கலக்கம். அவற்றின் பின்பக்கங்களில் என்னவெல்லாம் இருந்தனவோ.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்தது. காக்குக்கும் கிளினிக்கில் அந்தச் சின்னக் குப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். என் கதையைக் கேட்டதால்தான் தட்டாமல் வாங்கிக்கொண்டாராம். அவருக்கும் ஸ்கோப் செய்ய நாள் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை வேலியோரம் வந்து நின்றார். கையில் அதே தாள், ஆங்கிலப் பக்கம் மேலே. அடியில் உள்ள கட்டத்தின் மேல் அவர் விரல் இருந்தது.

“அக்கா,” என்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் மலாயில். “அன்னைக்கு எத்தன குவளை குடிச்சீங்க?”

“ரெண்டு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“ருசியா இருந்துச்சு காக்.”

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்துவிட்டு, முகத்தைத் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டு, பயமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் உள்ளே போய் நாட்குறிப்பைக் கொண்டுவந்து, அந்த நாலு பத்திகளைக் காட்டினேன்.

நேற்று புதன்கிழமை அவருடைய முறை. இரண்டு முறை வடிகட்டிய இளநீரைக் கண்ணாடி ஜாடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றைய பத்திரிகையையும் சேர்த்து. மாலை நாலு மணிக்கு மருந்தைத் தொடங்கினார். அவருக்கு எழுதும் பழக்கம் இல்லை. ஆகவே அவர் பின்கதவைத் திறந்து எண்ணையும் நிறத்தையும் வேலிக்கு மேலாகச் சொல்ல, நான் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினேன். ஆறரை மணி வரைக்கும் ஏழு. கடைசி நிறம் மஞ்சள்.